எழுதியதும் ஓதுவதும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் தொடர்வண்டி திருத்தணியைக் கடந்து, ஏகாம்பரகுப்பத்தில் நின்று, புத்தூரை நெருங்கும்போது பெட்டிக்குள் ஒலிக்கும் மொழி மெல்ல மாறியிருக்கும். ஆயினும் தமிழ் அங்கே முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்டு, வீட்டிற்குள் தமிழில் சண்டையிடும் குடும்பங்கள் புத்தூரில் இன்றும் உண்டு. தமிழ்நாட்டார் பலருக்கு அவ்வூரின் பெயர் 'புத்தூர் கட்டு' என்னும் எலும்புமுறிவு வைத்தியத்தால் அறிமுகமானது. மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, துணி ஆகியவற்றைக் கொண்டு கட்டப்படும் அந்தக் கட்டில் முறிவின் இடத்தைத் தடவி அறியும் விரல்தான் முதல் நூல். அந்த நூல் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குத்தான் படியெடுக்கப்படுகிறது.

அவ்வூரில் பிறந்து, திருப்பதியில் செப்பேடுகளைக் குறித்து ஆய்வு செய்துவரும் மாணவி ஒருத்தியிடம் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அவளுடைய அவ்வா, அதாவது தந்தையைப் பெற்றவர், தம் கைப்பட எழுதிவைத்தது. நலங்குப் பாட்டு, தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, ஒன்றிரண்டு ஒப்பாரி. பாடல்கள் அனைத்தும் தமிழ். எழுத்துகள் அனைத்தும் தெலுங்கு.

இதில் வியப்பொன்றுமில்லை. சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தில் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்தது. புத்தூர் தெலுங்குப் பக்கமே நின்றது. அவ்வா ஐந்தாம் வகுப்புவரை படித்தது தெலுங்குப் பள்ளியில். கேட்டது ஒரு மொழி, எழுதக் கற்றது வேறொரு எழுத்து. இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒரு நோட்டை உண்டாக்கிவிட்டு அவர் மறைந்தார். பாடல்களின் மெட்டை மாணவி பதிவு செய்துவைக்கவில்லை. செப்பேடுகளில் இருந்த கவனம் வீட்டில் இல்லாமற்போன குற்றவுணர்வு அவளை விட்டு நீங்கவில்லை.

அவளது ஆய்வுப் பொருளிலும் இதே முறிவு இருந்தது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது பாடிய தெலுங்குக் கீர்த்தனைகளை அவருடைய மகனும் வழித்தோன்றல்களும் செப்பேடுகளில் பொறித்தனர். அவை திருமலைக் கோயிலுக்குள் ஒரு கல்லறையில் பூட்டப்பட்டுக் காலப்போக்கில் மறக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்து, சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோரின் உழைப்பால் அச்சேறின. ஏடுகளில் ஒவ்வொரு பாடலின் தலையிலும் இராகத்தின் பெயர் உண்டு, இசைக்குறிப்பு இல்லை. ஆகவே இன்று வானொலியிலும் மேடையிலும் கேட்கும் அன்னமய்யா மெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டவை. செம்பு சொல்லைக் காத்தது. குரலைக் காக்க அதனால் இயலவில்லை.

சொல் தங்கிக் குரல் போன பிற மரபுகளும், குரல் தங்கிச் சொல் போன மரபுகளும் உலகில் எவை என்று ஒப்பீட்டு இயல் ஒன்றிற்காகத் தேடியபோதுதான் அவள் யூத மரபின் வரலாற்றை வந்தடைந்தாள். அங்கே அவள் கண்டது, இரண்டில் எது போனாலும் மரபு போயிற்று என்று அஞ்சிய ஒரு சமூகத்தின் ஈராயிரம் ஆண்டு உழைப்பு.

*

கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலியும் பலிபீடமும் அர்ச்சகர் பணியும் ஒரே கோடையில் இல்லாமற்போயின. ஒரு கோயிலை மையமாகக் கொண்ட சமயம் அக்கோயில் இல்லாமல் எப்படி வாழும் என்பதே அன்றைய கேள்வி. கடற்கரைப் பக்கம் யவ்னே என்னும் சிற்றூரில் யோகனான் பென் சக்காய் முதலிய ஆசிரியர்கள் கூடிக் கற்பித்ததே அதற்கு விடையாயிற்று. வழிபாட்டின் இடத்தில் கல்வி அமர்ந்தது. ஓரிடத்துக் கோயிலின் இடத்தில், எங்கும் எடுத்துச் செல்லத்தக்க நூல் அமர்ந்தது.

ஆனால் நூல் என்று இங்கே சொல்வது இரண்டு பொருள்களை. ஒன்று எழுதப்பட்ட தோரா. மோசேயின் ஐந்து நூல்கள். மற்றொன்று வாய்மொழித் தோரா. அந்நூல்களை எப்படிப் படிப்பது, எப்படி நடப்பது என்று ஆசிரியர் மாணவர்க்கு வாய்வழியாக அளித்துவந்த விளக்கம். எழுத்தாக வந்ததை மனப்பாடமாக ஓதலாகாது, வாய்மொழியாக வந்ததை எழுதி நிலைநிறுத்தலாகாது என்னும் நெறி அவர்களிடம் இருந்தது. ஒவ்வொன்றும் தத்தம் ஊடகத்திலேயே பயணம் செய்யவேண்டும்.

இந்த நெறியின் கூர்மை வேதபாடம் கேட்டு வளர்ந்த திருப்பதிக்காரர்க்கு எளிதில் விளங்கும். அங்கே ஒலிதான் முதன்மை. சம்ஹிதை, பதம், கிரமம், ஜடை, கனம் எனச் சொற்களை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி ஓதி, ஒரு மாத்திரையும் பிறழாமல் காக்கும் ஏற்பாடு எழுத்தை நம்பாதது. யூத மரபோ இரண்டையும் நம்பியது. அதனாலேயே இரண்டையும் ஐயுற்றது. தோராவைப் படிப்பவர் அதை முழுவதும் மனப்பாடமாக அறிந்திருந்தாலும் சுருளைப் பார்த்தே படிக்கவேண்டும். படியெடுக்கும் எழுத்தரும் நினைவிலிருந்து எழுதலாகாது. மூலப்படியைக் கண்முன் வைத்தே எழுதவேண்டும். தோராச் சுருளில் 3,04,805 எழுத்துகள். அவற்றுள் ஓர் எழுத்து விடுபட்டாலும் திருத்தும்வரை அச்சுருள் வழிபாட்டிற்கு ஆகாது. தேய்ந்துபோன சுருளை எறிவதில்லை. இறந்தவரைப் போல மண்ணில் அடக்கம் செய்வர், அல்லது ஒதுக்கிவைப்பர்.

வாய்மொழி மரபை எழுதலாகாது என்னும் நெறி நீண்ட காலம் நிற்கவில்லை. கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கொக்பா எழுச்சியும் அதன் தோல்வியும் ஆசிரியர் தலைமுறை ஒன்றை அழித்தன. மனிதரே நூலகமாக இருந்த இடத்தில் மனிதர் இறந்தால் நூலகம் எரிந்ததற்கு ஒப்பாகும். கி.பி. 200ஐ ஒட்டி யூதா அ-நாசி என்னும் தலைவர் வாய்மொழிச் சட்டங்களை ஆறு பிரிவுகளாகத் தொகுத்தார், அதுவே மிஷ்னா. அதன்மேல் பலஸ்தீனத்திலும் பாபிலோனியாவிலும் நடந்த வாதங்கள் அடுத்த சில நூற்றாண்டுகளில் இரு தால்முத்துகளாயின. மிஷ்னா எப்படி உருவாயிற்று என்று வட ஆப்பிரிக்காவின் கைருவான் நகரத்தார் கேட்டதற்குப் பாபிலோனியாவின் ஷெரீரா காவோன் 987இல் எழுதிய நீண்ட மடல், இந்தக் கைமாற்றத்தின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கித் தருகிறது. குருபரம்பரையை எழுதிவைக்கும் வைணவர்க்கு அந்த மடலின் வடிவம் அந்நியமாகத் தோன்றாது.

தால்முத்தின் பக்கத்தைப் பார்த்தாலே அந்த மரபின் இயல்பு தெரியும். நடுவில் மூலம், ஒரு புறம் பதினோராம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறுபுறம் அவருடைய வழிவந்தோர் எழுப்பிய தடைகளும் விடைகளும். வெனிஸ் நகரில் டேனியல் பொம்பெர்க் 1520க்கும் 1523க்கும் இடையில் அச்சிட்ட பதிப்பு இந்த அமைப்பை நிலைப்படுத்தியது. வாதத்தில் தோற்றவரின் கருத்தும் அங்கே நீக்கப்படுவதில்லை. சம்மாய் பள்ளியைவிட ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பே பெரும்பாலும் நடைமுறையாயிற்று. எனினும் சம்மாய் பள்ளியின் கூற்று ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிறது. பிற்காலத்து நீதிமன்றம் ஒன்றுக்கு அது பயன்படலாம் என்று மிஷ்னாவே காரணம் சொல்கிறது. 1242இல் பாரிசில் இருபத்துநான்கு வண்டி தால்முத் ஏடுகள் எரிக்கப்பட்டன. 1553இல் உரோமிலும் எரிக்கப்பட்டன. எரித்தவர்களுக்கு ஏடுதான் கிடைத்தது.

*

மாணவியை மிகுதியும் பற்றிக்கொண்டது இதற்கு அடுத்த கட்டம்.

எபிரேய எழுத்து முதன்மையாக மெய்யெழுத்துகளால் ஆனது. தோராச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, இராகக்குறிகளும் இல்லை. ஒரே மூன்று எழுத்துகளைத் 'தாவார்' என்று படித்தால் சொல். 'தேவெர்' என்று படித்தால் கொள்ளைநோய். எதைப் படிக்கவேண்டும் என்பது தோலில் இல்லை, ஆசிரியரின் தொண்டையில் இருக்கிறது. ஆகவே மிகத் துல்லியமாக எழுதப்பட்ட அந்தச் சுருள், கற்பிப்பவர் இல்லையேல் ஊமை.

எபிரேயம் அன்றாடப் பேச்சிலிருந்து விலகிய பிறகு அந்த ஊமைத்தனம் ஓர் ஆபத்தாயிற்று. ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கலிலேயக் கடலோரத்துத் திபேரியாவில் வாழ்ந்த மசோரா அறிஞர்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். பழைய எழுத்தில் கைவைக்காமல், அதற்கு மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு, உயிரொலியையும் நிறுத்தத்தையும் ஓதும் இசையையும் குறித்தனர். 'மசோரா' என்னும் சொல்லே 'கைமாற்றித் தந்தது' என்னும் பொருளோடு தொடர்புடையது. வழிபாட்டுச் சுருளில் அக்குறிகளை அவர்கள் ஏற்றவில்லை. படிக்கக் கற்பதற்கான ஏட்டுப் புத்தகங்களில் மட்டும் இட்டனர். அப்புத்தகங்களுள் தலைசிறந்தது, ஆரோன் பென் ஆசெர் குறிகள் இட்டு 930ஐ ஒட்டி முடிந்த அலெப்போ ஏடு. 1947 டிசம்பரில் அலெப்போவில் நடந்த கலவரத்தில் அது சிதைந்தது. எஞ்சிய பகுதி 1958இல் எருசலேம் சேர்ந்தபோது தோராவின் பெரும்பகுதி அதில் இல்லை.

அதே 1947இல் சாக்கடலோரத்துக் குகைகளிலிருந்து ஏசாயா சுருள் வெளிவந்தது. அது அலெப்போ ஏட்டைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. எழுத்துக்கூட்டலில் வேறுபாடுகள் ஏராளம். நூல் அதே நூல். ஆயிரம் ஆண்டுகள் கைகள் மாறியும் நூல் மாறவில்லை.

மசோரா அறிஞர்கள் செய்த இன்னொன்றுதான் இக்கதையின் மையம். எழுத்தில் ஒன்று இருக்க, வாய்மரபு வேறொன்றைப் படித்துவந்த இடங்கள் பல இருந்தன. தமிழ்ப் பதிப்பாசிரியர் ஒருவர் என்ன செய்வார்? சிறந்த பாடத்தைத் தேர்ந்து மற்றதை அடிக்குறிப்பில் தள்ளுவார், அல்லது பிழையென்று நீக்குவார். மசோரா அறிஞர்கள் தேரவும் இல்லை, நீக்கவும் இல்லை. எழுதப்பட்டதை எழுதப்பட்டவாறே விட்டு, படிக்கவேண்டியதை ஓரத்தில் குறித்தனர். முன்னதற்குக் 'கெத்தீவ்', எழுதியது என்று பெயர். பின்னதற்குக் 'கெரே', ஓதுவது என்று பெயர். இறைவனின் நான்கெழுத்துப் பெயரே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அது எழுதப்பட்டவாறு ஒருபோதும் ஒலிக்கப்படுவதில்லை. 'அதோனாய்', என் ஆண்டவர் என்றே ஓதப்படுகிறது. கண் ஒன்றைக் காண வாய் வேறொன்றைச் சொல்லும். இரண்டும் உண்மை, இரண்டும் மரபு.

*

தமிழகத்திற்கு அண்மையில் இக்கதையின் இன்னொரு கிளை இருக்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. செப்பேடு அவரை இசுப்பு இரப்பான் என்கிறது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் முதலிய எழுபத்திரண்டு உரிமைகள் அதில் அளிக்கப்படுகின்றன. உலகும் நிலவும் உள்ளவரை அவை அவருடைய ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், மகளை மணந்தவர்க்கும் உரியவை. அன்னமய்யாவின் செப்பேடுகளைப் படிக்கும் மாணவிக்கு அந்தப் பட்டியலில் பெண்மக்கள் என்னும் சொல் கண்ணில் நின்றது.

கொச்சி யூதர்களிடம் பட்டம் பெற்ற ரப்பி எவரும் நிலையாக இருந்ததில்லை. ஊர்ப் பெரியவர்களும், எபிரேயம் கற்ற குடும்பத்தலைவர்களும், பள்ளிப்பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுத் தந்தவர்களுமே மரபைத் தாங்கினர். மலையாளத்தில் யூதரின் தொழுகைக்கூடத்திற்கும் 'பள்ளி' என்றே பெயர். மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளி 1568இல் எழுந்தது. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரெய்ரா தெ பைவா வந்து பார்த்துச் சென்று ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் பின் ஐரோப்பாவில் அச்சான வழிபாட்டு நூல்கள் கொச்சிக்கு வரத்தொடங்கின. கேரளப் பள்ளிகளுக்கே உரிய கட்டட மரபொன்றும் உண்டு. கீழே நடுவில் ஒரு மேடை இருக்க, மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்பாக இரண்டாவது மேடை ஒன்றும் இருக்கும். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா அங்கிருந்து படிக்கப்படும். பெண்களின் காதுக்கு அருகில் நூல் ஏறிவந்தது.

அப்பெண்கள் கேட்டதோடு நிற்கவில்லை. திருமணம், விருத்தசேதனம், பண்டிகை எனக் கூடும் இடங்களிலெல்லாம் ஆண்கள் கேட்கவே மலையாளத்தில் பாடினர். ஆபிரகாம், யோசேப்பு, மோசே ஆகியோரின் கதைகள், பள்ளிகள் கட்டப்பட்ட வரலாறு, மணமகளின் அழகு, ஓர் அழகிய கிளியை விளிக்கும் புகழ்பெற்ற பாடல் எல்லாம் அவற்றுள் அடங்கும். பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் தாய் மகளுக்கும், மூத்தவள் இளையவளுக்கும் அளித்தாள். ஐரோப்பிய, அரபு நாட்டு யூதர்கள் தத்தம் ஊர்மொழியை எபிரேய எழுத்தில் எழுதினர். கொச்சிப் பெண்களின் குறிப்பேடுகளோ மலையாள எழுத்திலேயே இருந்தன. மெட்டு ஏட்டில் இல்லை. அதற்குக் கூட்டம் தேவைப்பட்டது.

1950களின் நடுப்பகுதியில் அந்தக் கூட்டம் கலைந்தது. கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, வெவ்வேறு வேளாண் குடியிருப்புகளில் சிதறினர். 1970கள் முதல் ஷெர்லி ஐசன்பெர்க், பார்பரா ஜான்சன் முதலியோர் குறிப்பேடுகளைத் தேடிப் படியெடுத்தனர். முதிய பெண்களைப் பாடச்சொல்லிப் பதிவு செய்தனர். ஒரே பாடல் வெவ்வேறு குறிப்பேடுகளில் வெவ்வேறு பாடங்களோடு கிடைத்தது. பின்னர் மலையாள அறிஞர் ஸ்கறியா சக்கரியாவும் ஓபிரா கம்லியேலும் பதிப்பித்த தொகுப்பு 2005இல் எருசலேமில் மலையாளத்திலும் எபிரேயத்திலும் வெளிவந்தது. அதன் பெயர் 'கார்குழலி'. தமிழர்க்கு அதற்குப் பொருள் சொல்லவேண்டியதில்லை.

இப்பணியில் முன்நின்ற கொச்சிப் பெண் ரூபி தானியேல் (1912–2002). இரண்டாம் உலகப்போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1951இல் இஸ்ரேல் சென்று ஒரு கூட்டுப் பண்ணையில் வாழ்ந்தவர். முதுமையில் தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1995இல் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து தம் நினைவுகளை நூலாக்கினார்.

அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை மறக்கலாகாது. பரதேசிப் பள்ளியில் அவருடைய முன்னோர் 'விடுவிக்கப்பட்டவர்' என முத்திரையிடப்பட்டவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வழிபாட்டுக்கூடத்தின் முன்னறையிலேயே நிறுத்தப்பட்டனர்; தோரா படிக்க அழைக்கப்படவில்லை; அவர்களுக்கு இடுகாடும் வேறு. அதே பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காந்தியவழியில் சத்தியாக்கிரகம் நடத்திய பிறகே அந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நூலைத் தொடும் உரிமை மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து, அந்த ஊரின் பாடல்கள் உலகை அடையக் காரணமானாள். மரபைக் காப்பவர் யார் என்று முடிவு செய்ய மேடையில் நிற்பவர்களைமட்டும் எண்ணினால் போதாது. கோயில் கருவறைக்கும் வேதபாடசாலைக்கும் வெளியே நின்றவர்களின் நினைவில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கேட்கப்படாமலே போயிற்று என்னும் கேள்வி திருப்பதிக்கும் புத்தூருக்கும் உரியதே.

கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரவேலர் கதை இதற்கு மறுதலை. அவர்களிடம் நூலே இல்லாமற்போயிற்று. எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று அயலார் அவர்களை அழைத்தனர். விருத்தசேதனமும், சில உணவு விலக்குகளும், 'ஷெமா' என்னும் ஒரு வழிபாட்டு வாக்கியமும் எஞ்சின. எல்லாச் சடங்கிலும் அந்த ஒன்றையே சொன்னார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கொச்சியிலிருந்து ஆசிரியர் வந்து கற்பிக்க, 1796இல் சாமுவேல் திவேகர் பம்பாயில் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டினார். ஓய்ந்த செக்கும் ஒற்றை வாக்கியமும் நூல் திரும்பிவரும்வரை இடம் பிடித்துவைத்திருந்தன. பத்துப் பாசுரத்தைக் கேட்டு நாலாயிரத்தைத் தேடிப்போன நாதமுனிகளின் கதையைச் சொல்லிவரும் மரபினர்க்கு இது புரியாத செய்தியன்று.

*

இவற்றையெல்லாம் படித்து முடித்த கோடையில் மாணவி நகரிக்குச் சென்றாள். அங்கே அவளுடைய அத்தை இருக்கிறார். அவ்வாவின் மூத்த மகள். வீட்டைச் சுற்றி விசைத்தறிகள். பகல் முழுவதும் அவற்றின் இரைச்சலில் கைப்பேசியில் எதையும் பதிவு செய்ய இயலவில்லை. மாலையில் மின்சாரம் நின்றது. தெரு முழுவதும் ஒரே நொடியில் அமைதியாயிற்று. "இப்ப பாடட்டுமா?" என்று அத்தையே கேட்டார்.

நோட்டிலிருந்து மாணவி தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிய படி அவள் மடியில் இருந்தது. மூன்றாவது பாட்டு நலங்குப் பாட்டு. பாடிக்கொண்டே வந்த அத்தை ஒரு சொல்லில் மாறினார். மாணவி எழுதியிருந்தது 'தாலி'. அத்தை பாடியது வேறு.

"தாலி இல்லம்மா, தாழி. பொண்ணுக்குத் தண்ணி ஊத்த மஞ்சத்தண்ணி கரைச்சு வைப்பாங்க பாரு, அது."

அத்தையின் இரு கைகளும் காற்றில் ஒரு பெரிய பானையின் வயிற்றை வரைந்து காட்டின.

குழப்பம் எழுத்தில் பிறந்தது. தெலுங்கு எழுத்தில் ழகரம் இல்லை. அவ்வா ழகரம் வருமிடத்திலெல்லாம் ளகரத்தையே எழுதியிருந்தார். தமிழர் தாலி என்பதைத் தெலுங்கில் 'தாளி' என்றே சொல்வர். ஆகவே நோட்டில் இருந்த 'தாளி' தமிழில் தாழியாகவும் இருக்கலாம், தெலுங்கு வழக்கில் தாலியாகவும் இருக்கலாம். கலியாணப் பாட்டு என்பதால் மாணவி தயங்காமல் தாலி என்று எழுதிவிட்டாள். தாவாரும் தேவெரும் ஒரே மூன்று எழுத்தில் ஒளிந்திருந்ததைப் போல, இரண்டு சொற்கள் ஓர் எழுத்தில் ஒளிந்திருந்தன. ஆசிரியரின் தொண்டை நகரியில் இருந்தது.

அவள் தன் படியில் தாலியை அடித்துத் தாழி என்று திருத்தினாள். ஒரு வாரம் கழித்துப் புத்தூரில், அவ்வாவோடு சேர்ந்து நலங்கு பாடிவந்த அண்டைவீட்டு மூதாட்டியிடம் அதே பாட்டைக் கேட்டாள். அவர் தயக்கமின்றித் தாலி என்றே பாடினார். தாழி என்று ஒரு பாடம் உண்டே என்று கேட்டதற்கு, "நாங்க எப்பவும் இப்படித்தான் பாடுவோம்" என்றார். மெட்டு இருவரிடமும் ஒன்றே.

சாக்கடற் சுருளோ அலெப்போ ஏடோ அங்கே கைகொடுக்கவில்லை. அவ்வா இல்லை; அவர் பேனாவை ஊன்றியபோது மனத்தில் எந்தச் சொல் இருந்தது என்று கேட்க வழியில்லை. ஒருவேளை அவரே ஒரு கலியாணத்தில் ஒன்றையும் மற்றொரு கலியாணத்தில் மற்றதையும் பாடியிருக்கக்கூடும். சரியான பாடம் எது என்னும் கேள்வியோடு சில நாட்கள் போராடிய மாணவி, பிறகு அந்தக் கேள்வியைக் கைவிட்டாள்.

இப்போது அவளுடைய படியில் அந்த வரி இவ்வாறு இருக்கிறது. நடுவில், அவ்வா எழுதியவாறே, 'தாளி'. ஓரத்தில் இரண்டு குறிப்புகள்: நகரியில் ஓதுவது தாழி, புத்தூரில் ஓதுவது தாலி. கீழே இரு குரல்களின் பதிவுகளுக்குமான எண்கள். அவ்வாவின் எழுத்தில் அவள் கைவைக்கவில்லை. அந்த ளகரம் பிழை என்று எங்கும் குறிக்கவுமில்லை.

நோட்டில் இன்னும் பதினான்கு பாடல்களுக்கு மெட்டுத் தெரியவில்லை. அத்தைக்கு ஆறு நினைவிருக்கிறது. மூதாட்டிக்கு மூன்று. எஞ்சிய ஐந்தைப் பாடத்தெரிந்தவர் திருத்தணிப் பக்கம் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டதாம். அடுத்த வாரம் அந்தத் தொடர்வண்டியில் அவள் எதிர்த்திசையில் செல்லவிருக்கிறாள்.